முதல் முடி

பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்வதா பக்கத்து நாற்காலியில் வைப்பதா என்பதே நாச்சிமுத்துவுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. மடியில் வைத்தால் உடம்புச் சூட்டுக்கு வதங்கிவிடும். நாற்காலியில் வைத்தால் எவராவது வந்து மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள், இங்கே வருகிறவர்களுக்கு எங்கே உட்காருகிறோம் என்ற நினைப்பா இருக்கிறது, அவரவர் வழக்கு அவரவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கனகாம்பரம். பெண்டாட்டி பாவாத்தாள் விடியுமுன்னே பறித்து, கட்டி, வாழையிலையில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "ரெண்டு சடைக்கும் ஆகற மாதிரி கட்டியிருக்கறனுங்க, பாதியாக் கிள்ளி வெய்யுங்க, ஒரே பக்கமாச் சொருகிப்போடாதீங்க" என்றாள். அத்தனை அக்கறை இருக்கிறவள் தானே வந்து வைத்துவிடலாமில்லையா, வரமாட்டாள். முதல் தடவை வந்தாள். குடும்ப நலக் கோர்ட்டின் மாடியில், சுவரில் முயலும் யானையும் வரைந்த இந்த அறையில், கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேத்தியைத் தொடலாம் என்று சொன்னதும், "நானென்ன செயிலுக்கா வந்திருக்கறேன்" என்று ஒரு சத்தம் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள்தான், இனி அந்தப் பிள்ளை நம் வாசலில் கால் வைக்கிறபோது பார்த்துக்கொள்கிறேன் என்று வைராக்கியமாக உட்கார்ந்துவிட்டாள். வைராக்கியம் பிடிக்க அவளுக்கு முடிகிறது. நாச்சிமுத்துவால் முடியவில்லை. அவருக்கு இருப்பதெல்லாம் மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. மகள் சுகந்தி செத்து நாலு வருசமாகிறது, அவள் பெற்ற பிள்ளையைப் பார்க்க இந்த இரண்டு மணி நேரத்துக்கு உத்தரவு வாங்கவே ஒரு வருசம் அலைந்தாயிற்று. அதிலும் போன மாதம் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம் என்று மாப்பிள்ளை தரப்பில் ஒரு மனு, ஜட்ஜ் அம்மா சரி என்றுவிட்டார். சாமி கும்பிடப் போகிறவர்களை யார் வேண்டாம் என்பார்கள்.

மணி பத்து தாண்டிவிட்டது. அறையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ஜன்னலோரமாக உட்கார்ந்து செல்போனில் ஏதோ சமையல் பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எதிரில் ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, மகனுக்கென்று வாங்கிய பேட்டரி காரைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தான். அவனுக்காவது அப்பன் என்ற பேர் இருக்கிறது. அப்பன் என்றால் சட்டத்தில் ஒரு வரி உண்டாம், இயற்கைக் காப்பாளர். தாத்தனுக்கு அப்படி வரி ஒன்றும் கிடையாது. வக்கீல் திலகவதி இதை நேற்றும் போனில் சொன்னாள், அவளுக்குச் சுகந்தி வயதுதான் இருக்கும், அதனாலேயே அவள் பேசுகிறபோது பாதி காதில் ஏறுவதில்லை, இவள் இருக்கிறாளே என்று மனம் எங்கேயோ போய்விடுகிறது. "அய்யா, உரிமைன்னு பேசுனா நம்ம கேசு நிக்காதுங்க. பிள்ளையோட நலன்னு பேசுனாத்தான் நிக்கும். அந்த வீட்டுல ரெண்டாவது சம்சாரம் மாசமா இருக்காங்க, நாளைக்கு அந்தக் குழந்தை வந்துட்டா இவளுக்கு என்ன கவனிப்பு இருக்கும்னு கேக்கலாம். அடுத்த வாரம் ஜட்ஜ் அம்மா பிள்ளையத் தனியாக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. 'நான் அப்புச்சி வீட்டுல இருக்கறேன்'னு அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும், பிள்ளைய நம்மகிட்டயே குடுக்கச் சொல்லி நாம போட்ட மனு பலமாயிரும். நாளைக்குப் பாக்கறப்ப நீங்களே மெதுவாக் கேட்டு வெச்சுக்குங்க." மெதுவாகக் கேட்பது. ராத்திரி முழுக்க நாச்சிமுத்து மெதுவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், உத்தரத்தைப் பார்த்து. அம்மிணி, அப்புச்சி கூட வந்துடறியா. வேண்டாம், அது அழைப்பது மாதிரி இருக்கிறது. அம்மிணி, உனக்கு எந்த வீடு புடிக்கும். அது பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி இருக்கிறது. அம்மிணி, ஜட்ஜ் அம்மா உன்னையக் கேப்பாங்க, நீ என்ன சொல்லுவ. இது பரவாயில்லை, இதில் தான் கேட்பது மாதிரி இல்லாமல் ஜட்ஜ் கேட்பது மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார், பக்கத்திலிருந்தவன் மந்திரம் சொல்லுகிறாரென்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். எப்படித் திருப்பிப் போட்டாலும் அது ஒரே கேள்விதான். நானா, உங்கப்பனா. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்கிறதுக்கு எந்தத் தொனி சரியாக வரும்.

காகிதத்தில் அவள் பேர் மைனர் சம்யுக்தா. அதை முதலில் படித்தபோது நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, அவர் வாலிபத்தில் மைனர் என்றால் சில்க் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, சந்தைப்பேட்டையில் பாதி ஆள் அப்படித்தான் திரிந்தான். மாப்பிள்ளை மோகனசுந்தரம் எதிர்மனுதாரர். தாம்பூலம் மாற்றி, காலைக் கழுவி, மாப்பிள்ளை வாங்க என்று கூப்பிட்டவனை எதிர்மனுதாரர் என்று எழுதின காகிதத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் தான்தான். கெட்டவன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சுகந்தி படுக்கையில் கிடந்த இரண்டு வருசமும் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவள் போனபிறகு மராட்டியத்துப் பக்கம் சாயப்பட்டறை வேலைக்குப் போனான், பிள்ளையை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனான், தன் அம்மாவிடம் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான், கை நிறைய பிஸ்கட்டும் பாவாடையும். வந்தவன் வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்போதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு அவன் மேல் பாவமாக இருக்கும். பாவமாகவும் இருக்கும், போனால் தேவலை என்றும் இருக்கும். அதைச் சொல்லக்கூடாது, ஆனால் இருந்தது. அவன் போன பிறகு பிள்ளை அவன் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தன் தொடையில் ஏறி உட்காருகிறபோது, இது நமக்குத்தான் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். சுகந்தி போன குழிக்கு மேல் அந்தக் குரல் எப்படி வந்தது என்று அவருக்கே அசிங்கமாக இருக்கும்.

அந்தக் குரல்தான் பிள்ளைக்கு மொட்டை அடிக்கச் சொன்னதா. இல்லை. காய்ச்சல்தான். காய்ச்சல் என்றால் சும்மா காய்ச்சலா, தொட்ட கை சுட்டது, பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டது, அன்றைக்குச் சுகந்தி செத்து வருசம்கூடத் திரும்பவில்லை, பாவாத்தாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டிபோட்டுக்கொண்டு எல்லையம்மா, இவளையும் எடுத்துக்காத, இவ முடிய உனக்கே குடுத்தர்றேன் என்று கதறினாள். எல்லையம்மன் நாச்சிமுத்துவின் குலதெய்வம். பிள்ளையோ இன்னும் பிறந்த முடியோடு இருந்தாள். ஒரு வயதில் இறக்கவேண்டியது, சுகந்திக்கு நல்லாகட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், மூன்று வயதில் இறக்கலாம் என்றார்கள், அதற்குள் அவள் போய்விட்டாள், சாவு நடந்த வருசத்தில் நல்ல காரியம் எப்படிச் செய்வது என்று மறுபடி தள்ளிப்போனது. பிறந்த முடியை அப்பன் வீட்டுச் சாமிக்குத்தான் இறக்கவேண்டும். அம்மா வீட்டுக்காரர்கள் சீர் கொண்டுபோகலாம், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தலாம், முடி மட்டும் அப்பன் வீட்டுச் சாமிக்கு. முதல் முடி எந்தக் கோயிலில் விழுந்ததோ பிள்ளை அந்தக் கோயில் பிள்ளை. இது நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா. ஊருக்கே சொல்லித்தருகிற ஆள் அவர். தெரியும். ஆனால் காய்ச்சல் இறங்கிவிட்டதே, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து முறுக்குக் கேட்டதே, வேண்டினதைக் கொடுக்காமல் இருக்கமுடியுமா. முடி முடிதானே, எந்த வீட்டு முடி என்று அம்மனுக்குத் தெரியாதா, அவிய சாமிக்குப் பொறவு ஒருக்கா இறக்கிக்கட்டும், வளராமலா போகும் என்றுதான் அவர் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தது. கோயிலிலிருந்து திரும்பும்போது அவள் அவர் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள், சந்தனம் அவர் சட்டையெல்லாம் ஒட்டியது, அந்த மொட்டைத் தலை கழுத்தில் உரசியது, அப்போது அவருக்கு வந்த நிம்மதி காய்ச்சல் இறங்கின நிம்மதி மட்டும்தானா. மட்டும்தான். வேறென்ன. இந்த இடத்துக்கு வந்தால் அவர் எப்போதும் வேறு பக்கம் பார்த்துவிடுவார், இப்போதும் சுவரில் இருந்த யானையைப் பார்த்தார். யாரோ ஒரு பிள்ளை அதன் கண்ணைப் பேனாவால் குத்தி வைத்திருந்தது.

இடுப்பு வலித்தது. பிளாஸ்டிக் நாற்காலி பிள்ளைகளுக்கென்று வாங்கினதுபோல, கால் மடங்கி மார்பைத் தொடுகிறது. எழுந்து நடக்கலாம், ஆனால் எழுந்தால் பூவை எங்கே வைப்பது. வரமாட்டார்களோ. போன மாதமாவது மனு போட்டார்கள், இன்றைக்கு மனுவும் இல்லாமல் வராமல் போனால்? போனால் இன்னொரு மனு போடலாம், உத்தரவை மீறினார்கள் என்று, அதற்கு அவர்கள் பதில் போடுவார்கள், அதற்கு வாய்தா, அதற்குள் பிள்ளை வயதுக்கு வந்துவிடும். வக்கீலுக்குப் பேசத் தெம்பு இருக்கிறது. தனக்கு எங்கே இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் மற்றவர்கள் சுகர் மாத்திரையை நினைவு வைத்துக்கொண்டால் போதும், தான் வாய்தா தேதியையும் நினைவு வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. படி ஏறுகிற சத்தம் கேட்டது. எதிரிலிருந்த பையன் காரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். வந்தது டீக்காரர். பையன் உட்கார்ந்தான், நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வருசம் மாப்பிள்ளை வந்தது ஒரு மத்தியானம். பிள்ளை தலையில் முள்ளு முள்ளாக முடி எழும்பியிருந்த சமயம், அப்பா என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலைமேல் கை வைத்தான், கை அங்கேயே நின்றது. சத்தம் போடுவான் என்று நாச்சிமுத்து தயாராக இருந்தார், சந்தையில் எத்தனை சத்தத்தைப் பார்த்தவர். அவன் சத்தம் போடவில்லை. "என்னைய ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா மாமா" என்றான். அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். ஆமாங்க மாப்பிள்ளை, தப்பாப் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த முயலும் யானையும் கையெழுத்தும் எதுவும் வந்திருக்காது. அதைச் சொல்ல வாயெடுத்தவர் சொன்னது வேறு. "ஆசுபத்திரியில நீங்களா நின்னீங்க? நின்னவியளுக்குத் தெரியும் எந்தச் சாமிக்குக் குடுக்கறதுன்னு." சொன்ன உடனேயே வாயைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. சுகந்திக்கு இரண்டு வருசம் ஆஸ்பத்திரியில் நின்றவனைப் பார்த்துச் சொல்லுகிற பேச்சா அது. அவன் முகம் என்ன ஆனதென்று பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார், அவள் அப்பன் முகத்தையும் அப்புச்சி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தன் தலையைத் தானே தடவினாள், என்னமோ தான்தான் தப்புப் பண்ணினதுபோல. ஊருக்குப் போனவன் ஆறு மாதத்தில் வேலையை விட்டு வந்தான், இன்னொரு கல்யாணம் செய்தான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் அம்மா, சம்பந்தியம்மா, வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள், "எங்க பிள்ளையக் கொண்டுபோயி உங்க சாமி பிள்ளையாக்கப் பாத்தீங்களே, இனி நெழலத் தொடறதுக்கும் விடமாட்டோம்" என்று. கோர்ட்டில் அது எதுவும் இல்லை. அங்கே அது ஒரு போட்டோ. எல்லையம்மன் கோயிலில் மொட்டைத் தலையோடு அவர் மடியில் பிள்ளை. தாத்தா பாட்டியின் பராமரிப்பில் இருந்ததற்கு ஆதாரம் என்று திலகவதி அதைச் சேர்த்திருக்கிறாள். தன் தப்பையே ஆதாரமாக நம்பர் போட்டு வைத்துக்கொண்டு நிற்கிற மனுசன் தன்னைத் தவிர யார் இருப்பார்.

துண்டை உதறி மடியில் விரித்து, பூப்பொட்டலத்தை அதற்கு மேல் வைத்தார். இது ஒரு வழி, சூடு நேராகப் படாது. இந்தத் துண்டுக்குள் எத்தனை காளை மாடு கை மாறியிருக்கிறது. மாட்டுத்தரகு என்றால் வெளியே நிற்கிறவனுக்கு வெறும் சத்தம்தான் தெரியும், பல்லைப் பாரு, சுழியைப் பாரு, குடுக்கற விலையா இது என்று இருவரும் கத்துவார்கள், உண்மையான விலை கையின்மேல் போட்ட துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிற பிடியில் இருக்கும். வாயால் சொல்வது சுற்றி நிற்கிறவர்களுக்கு. அம்மிணிக்கு அந்த விளையாட்டு நாலு வயதிலேயே வந்துவிட்டது. சோற்றுக்கு முன்னால் முறுக்கு ஒன்றுதான் தருவேன் என்று பாவாத்தாள் சட்டம் போட்டிருந்தாள். "எத்தன முறுக்குடி வேணும்?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டால், பிள்ளை நல்ல சத்தமாக "ஒண்ணே ஒண்ணு அம்மிச்சி" என்பாள். சொல்லிக்கொண்டே அப்புச்சியின் துண்டுக்குள் கையை விட்டு அவருடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்துவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது, தெருவில் போகிற நாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தரகு பிடிக்கப் பிறந்தவள் என்று அவர் சிரிப்பார். போய் டப்பாவிலிருந்து இன்னொன்றைத் திருடிக்கொண்டு வருவார். இப்போது அந்த வீட்டில் முறுக்குச் சுடுவார்களோ என்னமோ. சித்தி நல்லவள் என்றுதான் கேள்வி, அதையும் வக்கீலிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார். நல்லவளாக இருந்தால் சந்தோசப்படவேண்டியதுதானே. சந்தோசம்தான். சந்தோசமாக இருக்கிறபோது எதற்கு இந்த வயிற்றெரிச்சல். அம்மிணி, ஜட்ஜ் அம்மா உன்னையக் கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ. அம்மிணி, ஜட்ஜ் அம்மா.

வந்துவிட்டாள். முதலில் மாப்பிள்ளை தெரிந்தான், வாசலிலேயே நின்றுகொண்டு மேடத்திடம் லேட்டானதற்கு ஏதோ சொன்னான், பஸ் என்றோ ரயில்வே கேட் என்றோ. நாச்சிமுத்துவைப் பார்த்து, இன்றைக்கும் பழைய பழக்கத்தில் தலை லேசாகக் குனிந்தது. அவனுக்குப் பின்னால் சம்பந்தியம்மா, உள்ளே வரக்கூடாது என்பதால் கதவோரத்து பெஞ்சில் இடம் பிடித்து உள்ளே காது வைத்து உட்கார்ந்தாள். நடுவில் பிள்ளை. மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள், இரண்டு மாதத்தில் கால் இத்தனை நீளுமா. தொப்பிக்கு இரண்டு பக்கமும் சடை தொங்கும் என்று அவர் பார்த்தார், தொங்கவில்லை, உள்ளே சுருட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே பூப்பொட்டலத்து நூலை அவிழ்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தார். அவள் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வேர்க்குது அப்புச்சி என்று தொப்பியைக் கழற்றினாள். தலையில் முடி இல்லை. முள்ளு முள்ளாக, சாம்பல் நிறத்தில், அன்றைக்கு மாப்பிள்ளை கை வைத்து நின்றதே, அதே மாதிரி. போன மாதக் கோயில். குலதெய்வக் கோயிலுக்கு எதற்குப் போவார்கள் என்று ஒரு மாதமாக யோசிக்காத தன் மண்டையை எதில் இடிப்பது. ஊருக்கே சொல்லித்தருகிற ஆள். பிரித்த இலையில் கனகாம்பரம் வாடாமல் அப்படியே இருந்தது, அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியது. அவள் பூவைப் பார்த்தாள், தன் தலையைத் தொட்டுக்கொண்டாள், பிறகு மெல்ல, "அம்மிச்சிகிட்ட முடி இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க அப்புச்சி, அழுதுரும்" என்றாள். சொல்லிவிட்டுப் பூவை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். யாரை எங்கே அழாமல் வைத்துக்கொள்வது என்று இந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது. எல்லோரும் சேர்ந்துதான். அவர் கையைத் துண்டுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

கேட்டுவிடவேண்டும். இப்போது கேட்காவிட்டால் அப்புறம் கேட்க வராது, அம்மிணி, ஜட்ஜ் அம்மா உன்னைய, வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள். நாற்காலியில் நேராக நிமிர்ந்து, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், "அப்புச்சி, எங்க கோயில்ல எனக்கு மொட்ட அடிச்சாங்க. இதுதான் எனக்கு மொத மொட்டை" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் வளையல் சத்தம்கூட நின்றது. சொல்லித்தந்து, சொல்லவைத்துப் பார்த்து, பஸ்ஸில் இன்னொருமுறை சொல்லவைத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க உத்தரத்தைப் பார்த்துத் தான் செய்ததும் அதே வேலைதான். நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் நிற்க இடமில்லாமல் தன்மேலேயே திரும்பியது. இல்லை என்று சொல்லலாம். போட்டோ இருக்கிறது, நம்பர் போட்டு ஃபைலில் இருக்கிறது, மொத முடி எல்லையம்மனுக்கு விழுந்தாச்சு, இனி நீங்கள் எத்தனை முறை மழித்தாலும் அது இரண்டாவதுதான் என்று கதவுப் பக்கம் பார்த்துக் கத்தலாம், நாக்குநுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது துண்டு அசைந்தது. பூச்சுற்றிய சின்னக் கை துண்டுக்கடியில் நுழைந்து, அவர் கையைத் தேடி, விரல்களைத் தடவி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தது. பிடித்து அழுத்தியது. இரண்டு. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மூலையிலிருந்த பிளாஸ்டிக் சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆமா அம்மிணி" என்றார் நாச்சிமுத்து, கதவுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி, சந்தைக் குரலில். "இதுதான் உனக்கு மொத மொட்டை. உங்கப்பன் சாமிக்குத்தான் மொதல்ல குடுக்கோணும். நல்லாக் குடுத்திருக்கறாங்க." சொல்லி முடித்தபோது அந்தப் போட்டோ, அந்த மனு, திலகவதி சேர்த்துவைத்த காகிதம் எல்லாம் தன் வாயாலேயே போயிற்று என்று தெரிந்தது. வாசலில் நின்ற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மூணு வருசத்துக்கு முன்னால் சொல்லவேண்டியதை இப்போது சொன்னதற்கு அவன் என்ன செய்வான், ஒன்றும் செய்யமுடியாது, இன்னொருமுறை தலை குனிந்தான், இந்தத் தடவை பழக்கத்தில் குனிந்தது மாதிரி இல்லை. சம்பந்தியம்மா சேலையை இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரம் ஜட்ஜ் அம்மா பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார், பிள்ளை எதையாவது சொல்லட்டும், சொல்லாமல் அழட்டும், அது அவள் பாடு. அதை நாச்சிமுத்து கேட்கப்போவதில்லை. கேட்கத் தெம்பும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கியும் இல்லை. சறுக்குமரத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அப்புறமா போலாம் என்றாள். முறுக்கு சுடுவாங்களா உங்க வீட்டுல என்று கேட்டார். சித்தி சுடும், ஆனா கல்லு மாதிரி இருக்கும் என்று ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாள், கீழ்ப்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் விரலை விடவில்லை. எதிரிலிருந்த பையனின் மகனும் வந்துவிட்டான், பேட்டரி கார் தரையெல்லாம் ஓடி நாச்சிமுத்துவின் செருப்பில் முட்டி நின்றது. சட்டைப்பையில் செல்போன் அடித்தது. வக்கீலாகத்தான் இருக்கும், கேட்டீங்களா அய்யா என்று கேட்பதற்கு. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவேண்டிய கை துண்டுக்குள் இருந்தது.